பரணில் தூங்கிய பாட்டு

"கல்யாணத்துக்கு முன்னே நன்னா பாடுவேன், இப்போ எங்கே மாமி!" இந்த வாக்கியத்தை நான் எத்தனை பெண்களிடம் கேட்டிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே இல்லை. சிலர் பாட்டு என்பார்கள், சிலர் படம் போடுவது என்பார்கள், சிலர் கதை எழுதுவது என்பார்கள். சொல்லிவிட்டு லேசாக ஒரு சிரிப்பு. அதற்குள் உள்ளேயிருந்து குழந்தை அழும், எழுந்து போய்விடுவார்கள். பேச்சு அதோடு சரி.

அப்படிப் பாட்டை மூட்டை கட்டிப் பரணில் போட்ட மூன்று பெண்களைப் பற்றித்தான் இந்த முறை சொல்லப் போகிறேன். ஒருவர் இங்கிலாந்து, ஒருவர் ஜெர்மனி, ஒருவர் அமெரிக்கா. மூவரும் 1970-ஐ ஒட்டிய வருஷங்களில் பாடியவர்கள். ரேடியோவில் ஓயாமல் ஒலிக்கிற ரகப் பாட்டு அல்ல அவர்களுடையது. ஒரு கிடார், மெல்லிய குரல், சொந்தமாக எழுதிய வரிகள், அவ்வளவுதான். 'இது விலை போகாத சரக்கு' என்று அன்றைக்கு ஒதுங்கிப் போனது.

முதலில் வாஷ்டி பன்யன். 1945-ல் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஓவியம் படிக்கப் போனார். படம் போடுவதை விட்டுவிட்டுப் பாட்டுக் கட்டிக்கொண்டே இருக்கிறாள் என்று அனுப்பிவிட்டார்கள். 1965-ல், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேனேஜராக இருந்த ஆண்ட்ரூ லூக் ஓல்டாம் இவருடைய குரலைக் கேட்டு, அந்தக் குழுவின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாட்டைப் பாட வைத்து இசைத்தட்டாக வெளியிட்டார். பெரிய இடத்துச் சிபாரிசுதான். ஆனாலும் எடுபடவில்லை.

மனசு விட்டுப்போன அந்தப் பெண் என்ன செய்தார் தெரியுமோ? 1968-ல் ராபர்ட் லூயிஸ் என்ற தோழரோடு, ஒரு குதிரை வண்டியில், லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளை நோக்கிக் கிளம்பிவிட்டார்! டானவன் என்ற பாடகர் ஸ்கை தீவுப் பக்கம் கலைஞர்களைக் குடியமர்த்துகிறார் என்று கேள்விப்பட்ட யாத்திரை அது. வழி நெடுகச் சின்னச் சின்ன வேலை, கிடைத்ததைச் சாப்பாடு. போய்ச் சேரவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. போய்ப் பார்த்தால் அங்கே இருந்தவர்கள் கலைந்து போயிருந்தார்கள்.

ஆனால் வழியில் பாட்டுகள் பிறந்திருந்தன. குதிரை, வயல், காலை வெளிச்சம் இவற்றைப் பற்றித் தாலாட்டு மாதிரியான பாட்டுகள். 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' என்ற பெயரில் 1970 முடியும் சமயம் அந்த இசைத்தட்டு வந்தது. சில நூறு பிரதிகள்தான் விற்றதாகச் சொல்கிறார்கள். கையில் குழந்தை, கடையில் விற்காத பாட்டு. 'நமக்கு இது வராது' என்று கிடாரை ஓரம் வைத்தவர், அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலுமாக மூன்று குழந்தைகளை வளர்த்தார், குதிரைகளையும் மற்ற பிராணிகளையும் பராமரித்தார். முப்பது வருஷம் ஓடிவிட்டது.

1997-ல் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. இன்டர்நெட்டில் தன் பெயரைத் தேடிப் பார்த்தால், முகம் தெரியாத யாரோ இந்தப் பழைய தட்டைப் பற்றி உருகி உருகிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்! 2000-ல் அது மறுபடி வெளியாயிற்று. 2005-ல், முதல் ஆல்பம் வந்து முப்பத்தைந்து வருஷம் கழித்து, இரண்டாவது ஆல்பம். அதன் பெயர் 'லுக்காஃப்டரிங்'. அகராதியில் தேட வேண்டாம், இருக்காது. 'பார்த்துக்கொள்வது' என்று நாம் சொல்கிறோமே, அதுதான். குழந்தையைப் பார்த்துக்கோ, அடுப்பில் பாலைப் பார்த்துக்கோ, மாமனாருக்கு மருந்து வேளையைப் பார்த்துக்கோ... நம் நாள் முழுக்க அந்த ஒரு சொல்லுக்குள்தானே ஓடுகிறது! 'வீணாய்ப் போன வருஷங்கள்' என்று அவர் அழவில்லை. பார்த்துக்கொண்ட அந்த வருஷங்களையே ஆல்பத்துக்குப் பெயராக வைத்துவிட்டார். அட்டைப்படம் போட்டது யார் தெரியுமா? அவர் வளர்த்த பெண்! ஓவியராகிவிட்டிருந்தாள்.

அடுத்தவர் ஸிபில்லே பயர், ஜெர்மனிக்காரர். 1970-லிருந்து 1973 வரை தம் வீட்டிலேயே ஸ்பூல் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு கிடாரும் குரலுமாகப் பாட்டுகளைப் பதிவு செய்தார். விம் வெண்டர்ஸ் எடுத்த 'ஆலிஸ் இன் த சிட்டீஸ்' என்ற 1974-ம் வருஷப் படத்தில் சற்றே தலையும் காட்டினார். அதோடு சரி. குடும்பம்தான் முக்கியம் என்று தீர்மானித்துப் பிற்பாடு அமெரிக்காவுக்குக் குடிபோய்விட்டார். நாடாக்கள் அப்படியே கிடந்தன.

சுமார் முப்பது வருஷம் கழித்து, அவருடைய பிள்ளை அந்த நாடாக்களை எடுத்துத் தூசி தட்டி, ஒரு குறுந்தகடாகச் செய்து, வீட்டு மனுஷாளுக்குப் பரிசாகக் கொடுத்தான். அதில் ஒன்று ஜே மாஸ்கிஸ் என்ற இசைக்கலைஞர் கைக்குப் போயிற்று. அவர் மூலமாக ஒரு சின்னக் கம்பெனிக்கு. 2006-ல் 'கலர் க்ரீன்' என்று ஆல்பமாக வந்தே விட்டது. வீட்டுக்குள் முணுமுணுத்த பாட்டை ஊரே கேட்டது. அந்த அம்மாளோ அதற்கப்புறமும் புகழைத் தேடி ஓடவில்லை.

மூன்றாமவர் லிண்டா பெர்ஹாக்ஸ். அமெரிக்காவில் பெவர்லி ஹில்ஸில் ஒரு பல் மருத்துவரிடம், வருகிறவர்களுக்குப் பல்லைச் சுத்தம் செய்யும் வேலை. அங்கே வந்தவர்களில் ஒருவர் லெனர்ட் ரோஸன்மன், சினிமா இசையமைப்பாளர். இந்தப் பெண் பாட்டும் கட்டுகிறாள் என்று தெரிந்து, கேட்டு, அசந்துபோய், 1970-ல் 'பேரலலோகிராம்ஸ்' என்ற ஆல்பத்துக்கு வழி செய்தார். அச்சாகி வந்த தட்டில் ஒலி சரியாக இல்லை, விற்கவும் இல்லை. லிண்டா பழையபடி வேலைக்குத் திரும்பினார். இரண்டாவது ஆல்பம் வந்தது 2014-ல். நாற்பத்து நாலு வருஷம்!

"அவங்களுக்கெல்லாம் அதிர்ஷ்டம் மாமி. எல்லாருக்கும் இப்படி நடக்குமா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நடக்காது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் பேர் பரணில் போட்டதில் ஒன்றிரண்டைத்தான் யாரோ இறக்கிப் பார்க்கிறார்கள். ஆனால் யாரோ வந்து பார்ப்பார்கள் என்றா ஸிபில்லே பயர் டேப்பைச் சுழல விட்டார்? பாடத் தோன்றிற்று, பாடினார். அந்தப் பாட்டுக்கு அன்றைக்கே பலன் கிடைத்துவிட்டது. முப்பது வருஷம் கழித்து வந்தது உபரி.

இன்னொன்றும் யோசித்தேன். மூவருமே நிறுத்தினார்கள், ஆனால் காரணம் ஒன்றல்ல. லிண்டாவுக்கு வயிற்றுப்பாட்டுக்கு ஒரு வேலை இருந்தது. ஸிபில்லே மனசாரக் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தார். வாஷ்டியோ, தோற்றுவிட்டோம் என்ற காயத்தால் நிறுத்தினார். அவர் வாயை மூடியது பிள்ளைகள் அல்ல, விற்காமல் போன ஒரு தட்டு! நாமும் "நேரமில்லை, குழந்தை விடவில்லை" என்கிறோம். பாதி வாஸ்தவம். மீதிப் பாதியில், எப்போதோ யாரோ "உனக்கெதுக்கு இதெல்லாம்?" என்று சொன்ன ஒரு சொல் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கலாம். எது உங்களை நிறுத்தியது என்று ஒரு நாள் தனியாக உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். நேரமில்லாமைக்கு மருந்து வேறு, காயத்துக்கு மருந்து வேறு. ஸிபில்லேயைப் போல மனசார விட்டிருந்தால், அதுவும் நல்ல முடிவுதான். யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை.

விட்டதைத் தொட வேண்டும் என்று நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்.

பல வருஷம் கழித்துப் பாடும்போது பழைய உயரம் எட்டாது. வயது ஏற ஏறப் பெண்களின் குரல் கொஞ்சம் தணிவது இயற்கை. ஐந்தரைக் கட்டையில் பாடியவர் ஐந்துக்கு இறங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். கீழ் ஸ்தாயியில் ஆரம்பியுங்கள், தொண்டை வறளாமல் தண்ணீர் குடியுங்கள், வலித்தால் நிறுத்திவிடுங்கள். குரல் கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தோடு நிற்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

பச்சைக் குழந்தைக்காரிகளுக்குத் தனியாக நேரம் ஒதுக்கச் சொல்ல மாட்டேன். தூக்கத்தையே தொலைத்துவிட்டு நிற்கிறீர்கள். முதலில் தூங்குங்கள். தூளியை ஆட்டும்போது வாயில் வருகிற பாட்டைக் கைபேசியில் பதிந்து, தேதியைச் சொல்லி வையுங்கள். அது போதும். படம் போடுபவர் தாளின் ஓரத்தில் தேதி போடட்டும். நன்றாக இல்லை என்று எதையும் கிழிக்க வேண்டாம். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்ல நாம் யார்? வாஷ்டியின் தீர்ப்பே முப்பது வருஷத்தில் தலைகீழாகிவிட்டதே!

வீட்டில் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. மாமியார்மார்களே, மருமகளின் கையிலிருந்து குழந்தையை அரைமணி வாங்கிக்கொண்டு, "போ, உன் வேலையைப் பார்" என்று சொல்லுங்கள். வேலை என்றால் பாத்திரம் இல்லை. வளர்ந்த பிள்ளைகளே, அம்மாவுக்குப் பிறந்தநாளைக்கு என்ன வாங்கலாம் என்று கடைகடையாக ஏறி இறங்குகிறீர்களே, "நீ சின்ன வயசில் என்ன செய்துண்டிருந்தே? அதில் ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று ஒரு தரம் கேளுங்கள். கேட்டுவிட்டு, அம்மா பேசி முடிக்கிற வரை பக்கத்தில் உட்காருங்கள்.

அடுத்த இதழ் வருவதற்குள் பதினைந்து நாள் இருக்கிறது. ஒரு பழைய பாட்டு நோட்டையோ, ஸ்கெட்ச் புத்தகத்தையோ, கட்டுப் போட்ட காகிதங்களையோ இறக்கித் தூசி தட்டுவதற்கு ஒரு மத்தியானம் தாராளமாகப் போதும்.