சோழவரத்தில் குளிரே இல்லையாம்!

‘சென்னையில ஏது சார் குளிரு?’ என்று கேட்கிற ஆசாமியா நீங்கள்? ஒரு வேலை செய்யுங்கள். மார்கழியில் ஒருநாள், விடிகாலை ஐந்து மணிக்கு, காரனோடையிலிருந்து சோழவரம் வரை சைக்கிள் மிதித்துப் பாருங்கள். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போவது கணக்கில் சேராது.

ஜனவரியில் சென்னையின் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 20 டிகிரியை ஒட்டித்தான். காஷ்மீர்க்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால், அந்த 20 டிகிரி சும்மா நிற்பவருக்கு. இலை அசையாத நாளிலும், மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் அதே வேகத்தில் காற்று நெஞ்சில் மோதும். ஏரிப் பக்கத்துப் பனி வேறு. நைட் ஷிஃப்ட் முடித்து, வியர்வையில் ஊறிய சட்டையோடு திரும்புகிறவர் பாடு இன்னும் மோசம். அந்த ஈரமே உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

போன மார்கழியில் ஜி.என்.டி. ரோட்டோர டீக்கடை ஒன்றில் நின்றிருந்தேன். பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு சைக்கிளாக வந்தது. ஒருத்தர் காதை மூடித் துண்டு கட்டியிருந்தார். இன்னொருத்தர் பூப்போட்ட லேடீஸ் ஸ்வெட்டர். மூன்றாமவர் கறுப்புக் கம்பளி போர்த்தியிருந்தார். அதன் நுனி, பின் மட்கார்டில் இருந்த சிவப்பு ரிஃப்ளெக்டரையும் மூடியிருந்தது. அவருக்குப் பின்னாலேயே கன்டெய்னர் லாரி. டிரைவர் கண்ணுக்கு என்ன தெரியும்? இருட்டுதான் தெரியும். கேட்டேன். ‘‘குளுருக்குப் பார்க்கிறதா சார், லாரிக்குப் பார்க்கிறதா?’’ என்றார்.

இரண்டுக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டியது அவர் இல்லை, அவருக்குச் சம்பளம் கொடுக்கிற இடம். கேட்டுக்கு உள்ளே ஹெல்மெட் உண்டு, ஷூ உண்டு, ஒளிரும் பட்டை போட்ட ஜாக்கெட் உண்டு. ‘பாதுகாப்பே முதலில்’ என்று ஆளுயர போர்டு. ஷிஃப்ட் முடிந்ததும் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகணும்! வேலைக்கு வந்து போகும் வழியில் விபத்து நடந்து, அது வேலையோடு தொடர்புடையது என்று நிரூபணமானால், வேலையின்போது நடந்ததாகவே கொள்ள வேண்டும் என்று 2010-லேயே இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தியாயிற்று. அடிபட்ட பிறகு பணம் கொடுக்க வழி இருக்கிறது. அடிபடாமல் வீடு போய்ச் சேர ஒரு ஜாக்கெட் கிடையாதா?

கேட்பது ஃபாரின் சரக்கு அல்ல. காற்று புகாத மேல்துணி, கழுத்து வரை ஜிப், வெளிர் நிறம், முதுகில் ஒளிரும் பட்டை. அவ்வளவுதான். ஸ்வெட்டர் மட்டும் போதாது. பின்னல் கண் வழியாகக் காற்று உள்ளே வந்துவிடும். நான் பி.காம். படித்தவன். ‘செலவு’ என்று நீங்கள் வாய் திறக்கும் முன்பே சொல்கிறேன், தீபாவளிக்குக் கொடுக்கிற ஸ்வீட் பாக்ஸ் இரண்டு நாளில் காலி. ஜாக்கெட் பல மார்கழிக்கு வரும். உங்கள் ஆடிட்டரையே கேளுங்கள்.

அதுவரைக்கும் சைக்கிள்காரர்கள் பழைய நியூஸ்பேப்பரை மடித்து, சட்டைக்குள் நெஞ்சை மறைத்துச் செருகிக்கொள்ளலாம். கிண்டல் இல்லை. டூர் டி பிரான்ஸ் வீரர்கள் மலை உச்சியிலிருந்து இறங்கும்போது செய்துவந்த வித்தைதான். (இந்த வார இதழ் அகலம் பத்தாது, தினசரிதான் சரி.) திரும்பும்போது மாற்றிக்கொள்ள ஓர் உலர்ந்த பனியன் பையில் இருக்கட்டும். கறுப்புக் கம்பளி மட்டும் வேண்டாமய்யா. லாரிக்குத் தெரியாது. நுனி சக்கரத்தில் சிக்கினால் லாரியே தேவையில்லை.

ஹெச்.ஆர். மேனேஜர்களே, நாளை விடிகாலை ஐந்தரைக்கு உங்கள் கேட்டில் போய் நில்லுங்கள். எத்தனை சைக்கிள் வருகிறது என்று எண்ணுங்கள். அத்தனை ஜாக்கெட்டுக்கு ஆர்டர் போடுங்கள். கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து எண்ணுங்கள் சார்.