மல்லாட்டை வேஷம் போடுங்க, ஆப்பிள் வேஷம் வேண்டாம்

சுதந்திர தினம், குழந்தைகள் தினம், பள்ளி ஆண்டு விழா என்று வந்துவிட்டால் போதும், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வேஷத்துணி வாடகைக்கு விடுகிற கடைகளில் கூட்டம் கூடிவிடுகிறது. "மிஸ் காய்கறி வேஷம் போட்டு வரச் சொன்னாங்க", "நாளைக்கே வேணும்னு சொல்லுது பிள்ளை" என்று அம்மாக்கள் அவசரப்படுகிறார்கள். கடையில் மாட்டி வைத்திருப்பது என்ன? ஆப்பிள், ஸ்ட்ராபெரி, கேரட். பாலியஸ்டர் துணி, உள்ளே ஸ்பாஞ்சு. ஒரு நாள் வாடகை 300 ரூபாய், 400 ரூபாய். முன்பணம் தனி. அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறுகிறவர் யாரென்று பார்த்தால், கொல்லையில் ஒரு ஏக்கர் மல்லாட்டை போட்டிருக்கிற உழவர்!

காசு போகிறதே என்பது மட்டும் என் வருத்தம் இல்லை. நாலு வயசுப் பிள்ளை மேடையேறி, தன் வாழ்க்கையில் முதல்முதலாக "நான் ஒரு செடி, நான் ஒரு காய்" என்று ஊருக்கு முன்னால் சொல்கிறது. அந்த இடத்தில் நம்ம மண்ணில் முளைக்காத பழத்தைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். கத்தரிக்காய் வேஷம்கூட ஊதா நிறத்தில் ஒரே மாதிரிதான் கிடைக்கிறது. பச்சைக் கத்தரி, வரிக்கத்தரி, முள்ளுக் கத்தரி எல்லாம் அந்தக் கடைக்காரருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் நாம்தானே.

இதைவிட மோசம் 'விவசாயி வேஷம்'. வேட்டி, தலைப்பாகை, தோளில் அட்டையில் செய்த கலப்பை. அது வரைக்கும் சரி. வாயில் வைத்து அனுப்புகிற வசனம்தான் நெஞ்சை அறுக்கிறது. மழை இல்லை, விலை இல்லை, கடன் தொல்லை, சாவதைத் தவிர வழியில்லை என்று ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை அழுது நடிக்கிறது. கைதட்டல், முதல் பரிசு. நம்ம கஷ்டம் உண்மைதான், மறைக்கச் சொல்லவில்லை. அதைப் பேச வேண்டிய இடம் கலெக்டர் ஆபீசில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்ப்புக் கூட்டம். பேச வேண்டியவர்கள் பெரியவர்கள். மேடைக்குக் கீழே உட்கார்ந்து பார்க்கிற நூறு உழவர் வீட்டுப் பிள்ளைகள் அதிலிருந்து என்ன எடுத்துக்கொண்டு போவார்கள்? அப்பா தொழில் என்றால் பாவப்பட்ட தொழில் என்பதைத்தான். பஞ்சு தாடியும் பச்சைத் துண்டுமாக நம்மாழ்வார் அய்யா வேஷத்தில் சில பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களாவது நிமிர்ந்து நின்று பேசுகிறார்கள், அந்த மட்டும் சந்தோஷம்.

செடியை உடுத்துவது நமக்குப் புதுசும் இல்லை. பெரியபாளையத்தில் வேண்டுதலுக்கு வேப்பஞ்சேலை கட்டுகிறார்கள். உடம்பு முழுக்க வேப்பிலை, அதற்கு எந்தக் கடையில் வாடகை கொடுத்தார்கள்? நம்ம மேல்மலையனூரில் மாசி அமாவாசையை ஒட்டி நடக்கிற மயானக் கொள்ளையில் அங்காளம்மன் வேஷம் கட்டி எலுமிச்சை மாலையோடு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தன் நிலத்தில் விளைந்த தானியத்தையும் காயையும் அன்றைக்குச் சூறை விடுகிறார்கள் உழவர்கள். தெருக்கூத்தில் கட்டை வேஷக்காரர் தலையிலும் தோளிலும் மின்னுகிற கிரீடமும் புஜக்கட்டையும் என்ன மரம்? கல்யாண முருங்கை. நம்ம வேலியில் நிற்கிற முள்முருங்கைதான். விடிய விடிய ஆடுகிறவருக்குக் கழுத்து வலிக்கக்கூடாது என்று, எடையில்லாத மரமாகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். அந்த அறிவு இருந்த ஊரில் இன்றைக்கு தெர்மாகோல் வெட்டுகிறோம்.

சரி, மல்லாட்டைக்கு வருவோம். மணிலாக்கொட்டை என்ற பேர்தான் நம்ம வாயில் மல்லாட்டை ஆகிவிட்டது. தென்னமெரிக்காவில் பிறந்த செடி, மணிலா பேரைச் சுமந்துகொண்டு வந்து நம்ம செம்மண்ணில் குடியேறிவிட்டது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்து ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பேர் வைக்கிறார்கள், திண்டிவனம் என்பதன் சுருக்கம் அது. 1940-இல் வந்த டி.எம்.வி.2 ஆந்திரா, கர்நாடகம் வரைக்கும் போய் நம்ம ஊர் பேரைச் சொன்னது. திண்டிவனத்துப் பிள்ளை திண்டிவனத்துக் காயாக மேடையில் நிற்பதைவிட வேறென்ன பொருத்தம் வேண்டும்?

செய்வது சுலபம். ஒரு பழைய சணல் கோணி வேண்டும். பிளாஸ்டிக் சாக்கு கூடாது, நிறமும் வராது, பிள்ளைக்கு வேர்க்கும். கமிட்டியிலோ மண்டியிலோ கேட்டால் 30, 40 ரூபாய்க்குக் கிடைக்கும். உதறி, சோப்பு போட்டு அலசி, இரண்டு நாள் வெயிலில் காயப்போடுங்க. அடிப்பக்கத்தில் தலைக்கு ஒன்று, கைக்கு இரண்டு என்று மூன்று ஓட்டை. உள்ளே பழைய பருத்தி வேட்டித் துணியை வைத்துத் தைத்துவிட வேண்டும், இல்லையென்றால் சணல் குத்திப் பிள்ளை சொறிந்துகொண்டே நிற்கும். வெளியே மேலிருந்து கீழாக எட்டுப் பத்து வரிசை மெல்லிய தேங்காய்நார்க் கயிறு, கோணி ஊசியால் பிடித்துத் தையுங்க. ஓட்டின் மேல் இருக்கிற வரி வந்துவிடும். மார்பிலும் வயிற்றிலும் கொஞ்சம் வைக்கோல் அடைத்து, இடுப்பில் ஒரு கயிற்றை இறுக்காமல் கட்டினால் இரண்டு பருப்புக் காய் கண்முன் நிற்கும். நிறம் பூசவே வேண்டாம், கோணியின் நிறமே காயின் நிறம்.

கொஞ்சம் பெரிய பிள்ளை என்றால் காயாக இல்லாமல் செடியாகவே நிற்கலாம், எனக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும். மேலே பச்சைத் துணியில் இலை. ஒரு காம்புக்கு நான்கு சிற்றிலை என்பதை எண்ணி வெட்டுங்க, மூன்று வெட்டினால் துவரை ஆகிவிடும்! இடையிடையே சின்ன மஞ்சள் பூ. இடுப்பிலிருந்து தேங்காய்நார்க் கயிறுகள் தொங்கும், அதுதான் விழுது. விழுதின் முனையில் கோணித் துண்டில் வைக்கோல் அடைத்த குட்டிக் காய்கள். முழங்காலைச் சுற்றிச் செம்மண் கரைசலில் முக்கிய பழைய துணி. பிள்ளை மேடையில் வந்து, பூ மேலே பூக்கிறது, விழுது மண்ணுக்குள்ளே இறங்குகிறது, காய் இருட்டில் முற்றுகிறது என்று சொல்லிவிட்டு அந்தச் சிவப்புத் துணியைத் தூக்கிக் காட்டட்டும். அப்போது தெரியும் கைதட்டல் எப்படி இருக்கிறது என்று. மல்லாட்டைக்கு ஏன் மண் அணைக்கிறோம் என்பதை வேளாண் கல்லூரிக்குப் போகாமலே அந்தக் கூட்டம் தெரிந்துகொள்ளும்.

பச்சைத் துணிக்குக் கடைக்கு ஓட வேண்டாம், அம்மாவின் பழைய பருத்திச் சேலை போதும். சாயம் ஏற்றித்தான் பார்ப்பேன் என்கிறவர்களுக்குத் திண்டிவனம் பக்கமே வழி இருக்கிறது. இங்கே இன்னும் அவுரி பயிராகிறது, அதிலிருந்து நீலம் எடுக்கிறார்கள். அவுரி நீலம் ஏறிய துணியை மஞ்சள் கரைசலில் முக்கினால் பச்சை. நீலம் ஏற்றுவதைத் தெரிந்தவர்களிடம் விடுங்க, தொட்டி நொதிக்கிற கணக்கு ஒரு நாளில் பிடிபடாது. மஞ்சளை மட்டும் வீட்டில் செய்யலாம். மஞ்சள் வெயிலில் வெளுத்துப்போகும், ஆகவே நிழலில் உலர்த்துங்க.

நிஜ இலையிலேயே செய்கிறோம் என்றால் சில விஷயம் கவனம். வேப்பிலை, மாவிலை, புங்கன் இலை நல்லது. காலையில் போட்டியென்றால் முந்தின நாள் சாயங்காலம் கொத்தாக ஒடித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால் வாடாது. எருக்கு வேண்டவே வேண்டாம், பால் கண்ணில் பட்டால் ஆபத்து. கரும்புச் சோகை தோலை அறுக்கும். பூனைக்காலிக் காய் அழகாக இருக்கிறதே என்று தொங்கவிட்டால் பிள்ளையும் அரிக்கும், ஜட்ஜும் அரிப்பார். வாழைச் சாறு பட்ட சட்டைக்கு அந்தக் கறைதான் கடைசி வரைக்கும்.

"இதுக்கெல்லாம் நேரம் எங்கே, களை வெட்டவே ஆள் இல்லை" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஒரு ராத்திரி வேலை இது. பாட்டி கோணி ஊசி பிடிப்பார், பிள்ளை வைக்கோல் அடைக்கும். வாடகைத் துணியை வாங்கப் போகிற நேரமும் திருப்பிக் கொடுக்கப் போகிற நேரமும் சேர்ந்தால் கணக்கு சரியாகிவிடும்.

உண்மையான தடை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. கடையில் எடுத்த பளபளப்புக்கு மதிப்பெண் போட்டால் பெற்றோர் கடைக்குத்தான் போவார்கள். ஆகவே உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்க. வாடகை உடைக்குப் பரிசு இல்லை, செலவு 50 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, பிளாஸ்டிக்கும் தெர்மாகோலும் கூடாது என்று வைக்கச் சொல்லுங்க. எந்தப் பட்டத்தில் விதைப்பது, எத்தனை நாளில் அறுவடை, வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று பிள்ளை சொல்கிறதா என்பதற்குப் பாதி மதிப்பெண். நிலம் இல்லாத கூலிக்காரர் பிள்ளைக்கும் இதில் சம வாய்ப்பு உண்டு. களை எடுக்கிற அம்மாவைவிட மல்லாட்டைச் செடியை அறிந்தவர் யார்? இப்போது நடக்கிற போட்டியில் 400 ரூபாய் இல்லாத வீட்டுப் பிள்ளை "காய்ச்சல் மிஸ்" என்று சொல்லி அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடுகிறது.

போட்டி முடிந்த பிறகு வைக்கோலை உருவி மாட்டுக்குப் போடுங்க. கயிறு பந்தலுக்கு ஆகும். கோணியைப் பிரித்து, முருங்கைக் கன்றின் அடியில் மூடாக்காக விரித்துவிடலாம்.