மேகத்துக்கு மேக்கப்

ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் அனுப்பும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். எடுத்தது மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு. படத்திலோ அந்தி சாய்கிறது! தேயிலைத் தோட்டம் கிளிப்பச்சை, வானம் ஆரஞ்சு மிட்டாய். ஃபில்டர் உபயம். இன்னொரு தட்டு தட்டினால் மலை முழுக்க சோகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மலைக்கு என்ன சார் சோகம்?

கேட்டால், "ஆன்சல் ஆடம்ஸே செய்யலையா?" என்று மடக்குவார்கள். செய்தார்தான். 1927-ல், அமெரிக்காவின் யோசமிட்டியில், 'ஹாஃப் டோம்' பாறையை முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார் அந்த மனிதர். அந்தப் பாறை முன்னால் நின்றபோது தோன்றிய பிரமிப்பு இதில் வராதே என்று மனசு சொன்னது. கையில் மிச்சமிருந்ததோ ஒரே ஒரு கண்ணாடித் தகடு. அதில் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படத்தில் வானம் கன்னங்கரேலென்று விழுந்தது. கனமான கேமராவைச் சுமந்து மலையேறி, பாறையைக் கண்ணாரப் பார்த்தவர் போட்ட ஃபில்டர் அது. நம்மாள் பாறையை எங்கே பார்க்கிறார்? இருக்கிற ஃபில்டர்களில் எதற்கு லைக் விழும் என்றல்லவா பார்க்கிறார்!

நான் காமர்ஸ் படித்தவன். வருஷக் கடைசியில் கணக்கை ஜோடித்து, நொண்டிக் கம்பெனியைக் குதிரை மாதிரி காட்டுவதற்கு எங்கள் பாடத்தில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று பெயர். அங்கேயாவது கேள்வி கேட்க ஆடிட்டர் வருவார். விளம்பரத்தில் பாசி பிடித்த ஏரியை நீலமாக்கி அட்வான்ஸ் வாங்குகிற லாட்ஜ்காரரை யார் கேட்பது? குடும்பத்தோடு போய் இறங்கி, ஏரியைப் பார்த்துத் திருதிருவென்று முழிப்பது நீங்கள்தான்.

காசு போனால் போகட்டும். 2020 செப்டம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்ததைக் கேளுங்கள். காட்டுத்தீயின் புகை கவிந்து பட்டப்பகலில் ஊரே ஆரஞ்சாகிவிட்டது. நீல ஒளியைப் புகை மறித்ததால் வந்த நிறம். காலையிலேயே விளக்கைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார்கள். மிரண்டுபோன ஜனங்கள் செல்போனைத் தூக்கினால், படத்தில் சாதாரண சாம்பல் வானம்! 'இவ்வளவு ஆரஞ்சு இருக்காதே' என்று கேமராவே கணக்குப் போட்டு நிறத்தைக் கழித்துவிட்டது. அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தித்தான் பலரும் நிஜ நிறத்தைப் பிடித்தார்கள்.

சரி, அந்த நிஜப் படம் உங்கள் போனுக்கு வந்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்? "சூப்பர், எந்த ஃபில்டர்?"

என் வயிற்றெரிச்சல் இதுதான். அழகுக்காக ஆரஞ்சு பூசிப் பூசி, ஊர் எரிகிற ஆரஞ்சையும் அழகென்று ரசிக்கிற கண்ணாக்கி வைத்திருக்கிறோம்.

ஃபில்டரே தொடாதீர்கள் என்று சொல்லவில்லை. போட்டால், போட்டேன் என்று படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதுங்கள். லாட்ஜ்காரரிடம் பணம் கட்டுமுன், "நேத்து மத்தியானம் எடுத்த படம் ஒண்ணு அனுப்புங்க" என்று கேளுங்கள். ஒரிஜினலை மட்டும் அழித்துவிடாதீர்கள். அந்த ஏரி அப்போ என்ன கலர்ல இருந்துச்சு என்று நாளைக்கு உங்கள் பேத்தி கேட்டால், காட்டுவதற்கு வேறே சாட்சி கிடையாது.