சாவிக்கொத்தும் கறுப்பு அங்கியும்

போன மாதம் எங்கள் அம்பத்தூர் வீட்டில் எங்கே பார்த்தாலும் கறுப்புத் துணி! பத்தாவது படிக்கும் என் மகள், பள்ளி ஆண்டு விழாவில் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் போர்ஷியாவாக நடிக்கிறாள். வக்கீல் அங்கி தைக்கும் பொறுப்பு என் தலையில். ஹைஸ்கூலோடு நின்றவள் நான். மெஷினை மிதித்துக்கொண்டே அவள் சொல்லச் சொல்லக் கதை கேட்டேன்.

போர்ஷியாவுக்கு பெல்மான்ட்டில் பெரிய மாளிகை. அங்கே அவள்தான் எஜமானி. ஆனால் கல்யாண விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்க முடியாது. தங்கம், வெள்ளி, ஈயம் என்று மூன்று பெட்டிகள். சரியான பெட்டியைத் தேர்ந்தெடுப்பவனுக்கே மாலை என்று அப்பா எழுதிவைத்துவிட்டு இறந்துபோனார். நல்லவேளை, அவள் மனசுக்குப் பிடித்த பஸானியோவே ஈயப் பெட்டியைத் திறந்துவிடுகிறான்.

வெனிஸ் நகரமோ வேறு மாதிரி. வியாபாரம், கடன், பத்திரம், கோர்ட் எல்லாம் ஆண்கள் ராஜ்யம். கெடு தவறிய கடனுக்காகப் பஸானியோவின் நண்பன் தன் உடம்பிலிருந்து ஒரு பவுண்டு சதை கொடுக்க வேண்டும் என்று வழக்கு. போர்ஷியா ஆண் வேஷத்தில் வக்கீலாகப் போகிறாள். பத்திரத்தில் சதைதான் இருக்கிறது, ரத்தம் இல்லையே என்று மடக்கி அவனைக் காப்பாற்றுகிறாள். கட்டின புருஷனுக்கே அவளை அடையாளம் தெரியவில்லை!

மூளை அதே மூளைதான். வெனிஸில் அது எடுபட ஓர் ஆண் பெயர் தேவைப்பட்டது.

நம் ஊரில் மட்டும் என்னவாம்? பம்மல் சம்பந்த முதலியார் இதை 'வாணிபுர வணிகன்' என்று தமிழில் எழுதினார். 1891-ல் சென்னையில் அவரும் நண்பர்களும் தொடங்கிய சுகுண விலாச சபையில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். பெண் என்பதற்காக வக்கீல் தொழிலைத் தடுக்கக்கூடாது என்று நம் நாட்டில் சட்டம் வந்ததே 1923-ல்தான்!

சில வருஷம் முன் வீட்டு வரியில் பெயர் மாற்ற ஓர் அலுவலகத்துக்குப் போனேன். வீட்டில் சாவிக்கொத்து, ரசீது, பத்திரம் எல்லாம் என் கையில்தான். காகிதங்கள் சரியாக இருந்தும், "சார் வரலையாம்மா? அவரை வரச் சொல்லுங்க" என்றார்கள். மறுநாள் ப்ளஸ் ஒன் படிக்கும் நாத்தனார் மகனைக் கூட்டிப் போனேன். அவன் வாயே திறக்கவில்லை. பக்கத்தில் நின்றான், அவ்வளவுதான். வேலை முடிந்தது! அன்று அதை என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். அங்கி தைக்கும்போதுதான் சுருக்கென்றது.

ஒத்திகை முடிந்து வந்தவள், "நான் நிஜமாவே லா படிக்கட்டுமாம்மா?" என்றாள். "கோர்ட்டும் கச்சேரியும் நமக்கெதுக்கு?" என்று இழுத்தார் இவர். வழக்கமாக நான் சமையலறைக்குள் போய்விடுவேன். அன்று போகவில்லை. "பூந்தமல்லி கோர்ட்டுக்கு எத்தனை பெண்கள் கறுப்புக் கோட்டோட போறாங்க, நீங்க பார்த்ததில்லையா? இவ ஆண் வேஷம் போட வேண்டாமே!" என்றேன். 'சரி' இன்னும் வரவில்லை, 'பார்க்கலாம்' வந்திருக்கிறது.

சகோதரிகளே, அடுத்த முறை யாராவது "வீட்டுக்காரரை வரச் சொல்லுங்க" என்றால், "விவரம் தெரிஞ்சவ நான்தான், என்கிட்டயே சொல்லுங்க" என்று நின்று பாருங்கள்.

அங்கியின் ஓரத்தில் இரண்டு அங்குலம் மடித்தே தைத்திருக்கிறேன். வளர்கிற பெண்ணாச்சே!