ஒப்பிடத் தெரியாத பெருமை

தமிழிலிருந்து பிறந்தது கன்னடம் என்று கமல்ஹாசன் மேடையில் சொன்ன ஒரு வாக்கியத்துக்காக, 2025 ஜூன் 5 அன்று அவரது 'தக் லைஃப்' படம் கர்நாடகத்தில் வெளியாகவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய் அந்தச் சண்டை அடங்கியது. ஆனால் எங்கள் படவேட்டு டீக்கடையில் இன்னும் கேட்கிறார்கள்: "அவர் சொன்னதில் என்ன தப்பு?"

தப்புதான். தமிழும் கன்னடமும் ஒரே மூலத் திராவிடத்தின் கிளைகள், அக்கா, தங்கை. இதைச் சொல்ல மொழியியல் அறிஞர் எதற்கு? ஒப்பிடுவது எப்படி என்று நமக்குக் காட்டிவிட்டுப் போன ஒருவர் இருந்தாரே, அவரை ஏன் மறந்தோம்?

இலங்கைத் தமிழ்த் திறனாய்வாளர் க. கைலாசபதி. கோலாலம்பூரில் 1933-இல் பிறந்தவர், இலங்கைத் 'தினகரன்' நாளிதழின் ஆசிரியர், பர்மிங்காமில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தவர். சங்கப் பாடல்களை ஹோமரோடு ஒப்பிட்ட அந்த ஆய்வை 1968-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்டது. மறு ஆண்டே தமிழில் 'ஒப்பியல் இலக்கியம்' எழுதினார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முதல் தலைவர். 49 வயதில் போய்விட்டார்.

அவர் காட்டிய வழியில் ஓர் இடத்தைப் பாருங்கள். ஹோமரின் 'ஒடிசி'யில் டெமோடோகஸ் என்ற பார்வையற்ற பாணன் அரசவையில் பாடுகிறான். ஒடிசியஸ் தன் பங்குப் பன்றி இறைச்சியில் கொழுப்பு மிகுந்த துண்டை அறுத்து அவனுக்கு அனுப்புகிறான். பொருநராற்றுப்படையில் கரிகாலன் தன் பொருநனுக்கு இறைச்சியை ஊட்டி ஊட்டி, புன்செய் உழுத ஏர்க்கொழுவைப் போல அவன் பல்லே மழுங்கிப் போகிறது. இரண்டு அவைகளிலும் பாட்டுக்குக் கூலி இறைச்சி; பாடுகிறவன் வயிறு அரசன் கையில். கிரேக்கன் நம்மிடம் திருடினானா, நாம் அவனிடம் கற்றோமா என்று கைலாசபதி கேட்கவில்லை. எந்த மாதிரிச் சமூகம் இந்த மாதிரிப் பாட்டைப் பெறுகிறது என்றுதான் கேட்டார்.

சங்கப் பாடல்கள் வாய்மொழியாகப் பிறந்தவை என்ற அவர் முடிவை, அவை வாய்மொழிப் பாடல்களே அல்ல, எழுத்தறிந்த புலவர்களின் ஆக்கம் என்று மறுப்பவர்கள் உண்டு. பாணனின் பசியைப் பார்க்காமல் ஓலையை மட்டும் பார்க்கிறவர்கள் அவர்கள், விடுவோம்.

எனக்குக் கோபம் மொழிப்பெருமை பேசும் மேடைக்காரர்கள் மீதுதான். எந்த மொழி மூத்தது என்று சான்றிதழ் கேட்டே ஒரு தலைமுறையை வளர்த்துவிட்டார்கள். பாவண்ணன் தமிழில் தந்த, கன்னட எழுத்தாளர் பைரப்பாவின் 'பருவம்' நாவலை இவர்களில் எத்தனை பேர் புரட்டியிருப்பார்கள்? கன்னடத்தில் ஒரு கதைகூடப் படிக்காதவனுக்குக் கன்னடத்தின் பிறப்பைப் பற்றிப் பேச என்ன தகுதி?

மூப்புக் கேட்காத ஒப்பீடு எங்கள் ஊரிலேயே உண்டு. படவேட்டில் ஆடி வெள்ளிக்கு ரேணுகாம்பாள் சந்நிதியில் நிற்க இடம் இருக்காது. மகன் பரசுராமன் வெட்டிய தாயின் சிரசைத்தான் நாங்கள் கும்பிடுகிறோம். அதே ரேணுகை கர்நாடகத்துச் சவதத்தியில் எல்லம்மா. அங்கே போய்வந்த ஆரணித் தறிக்காரர் ஒருவர் திருநீற்றை என் கையில் வைத்து, "அங்கயும் நம்ம அம்மாதாங்க" என்றார். எது முந்திய கோயில் என்று அவர் கேட்டுக்கொண்டு வரவில்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரி ஒவ்வொன்றிலும், எந்தப் பட்டம் படித்தாலும், ஒப்பிலக்கியம் ஒரு பாடமாக வேண்டும்; அதில் பக்கத்து மொழி நாவல் ஒன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இதைச் செய்திருந்தால் அந்த மேடையில் அந்த வாக்கியம் வந்திருக்காது, ஜூன் 5 அன்று பெங்களூரு திரையரங்குகளில் முதல் காட்சி ஓடியிருக்கும்.