கைரேகை விழுந்த இடம்

"அகதிக்கு நாட்டைத் தேர்ந்தெடுக்க இடம் கொடுத்தால் எல்லாரும் ஒரே நாட்டில் போய்க் குவிவார்கள். முதலில் கால் வைத்த நாடே விசாரிக்கட்டும்." ஐரோப்பாவில் அமைச்சர்கள் மட்டுமல்ல, நல்ல மனம் படைத்தவர்களும் இதை நம்புகிறார்கள். முதல் நாட்டு விதியைக் கொண்டுவந்த, 1990இல் கையெழுத்தான டப்ளின் உடன்படிக்கை இந்த அச்சத்தின் மேல்தான் எழுந்தது. தவறான நம்பிக்கை; மனிதர்களைச் சீரழித்த நம்பிக்கையும்கூட.

ஆப்கானிஸ்தானிலிருந்து தப்பிய ஒருவர் கிரீஸ் வழியாக 2009இல் பெல்ஜியம் போய்ச் சேர்ந்தார். கிரீஸில் அவருடைய கைரேகை பதிவாகியிருந்தது. அதைக் காரணம் காட்டி பெல்ஜியம் அவரைத் திருப்பி அனுப்பியது. ஏதென்ஸ் விமான நிலையத்தை ஒட்டிய தடுப்பு முகாமில் அடைத்தார்கள். வெளியே விட்ட பிறகு மாதக்கணக்கில் பூங்காவில் படுத்துக் கிடந்தார். 2011 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இரண்டு நாடுகளுமே மனித உரிமையை மீறின என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் விதி அப்படியே இருந்தது.

2015இல் அகதிகளைப் பங்கிட முயன்றார்கள். இத்தாலியிலும் கிரீஸிலும் இருந்து 1,60,000 பேரை மற்ற நாடுகள் ஏற்பதாகத் திட்டம். கடைசியில் போனவர்கள் ஏறத்தாழ 35,000 பேர். அகதியின் விருப்பத்தைக் கேட்காமல் மூட்டை பிரிப்பதுபோல் ஆட்களைப் பிரித்தால் வேறென்ன நடக்கும்?

பிறகு உக்ரைன் போர் வந்தது. 2001இல் எழுதி, ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் கிடந்த தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை 2022 மார்ச்சில் எடுத்தார்கள். எந்த நாட்டுக்குப் போவது என்பதை வந்தவர்களே முடிவு செய்தார்கள். 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்புப் பெற்றார்கள். ஜெர்மனிக்கும் போலந்துக்கும் அதிகம் பேர் போனது உண்மை. சுமை சமமாகப் பிரிந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் உறவினரையும் வேலையையும் தேடிப் போனார்கள். அஞ்சிய குலைவு வரவில்லை.

"அவர்கள் விசா இல்லாமல் வரக்கூடியவர்கள், பக்கத்து நாட்டுக்காரர்கள்" என்பார்கள். ஆமாம். அதனால்தான் கடத்தல்காரனுக்குப் பணம் கட்டிக் கடலில் இறங்கும் நிலை அவர்களுக்கு வரவில்லை. விசா இல்லாமல் வரும் வழியைத் திறந்துவிட்டது சட்டம். மற்றவர்களுக்கு அடைத்து வைத்திருப்பதும் அதே சட்டம்தான்.

2024இல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய புகலிட ஒப்பந்தத்தைச் சீர்திருத்தம் என்று கொண்டாடுகிறார்கள். முதல் நாட்டு விதி அதிலும் இருக்கிறது. அகதிகளை ஏற்க விரும்பாத நாடு தலைக்கு 20,000 யூரோ கட்டி ஒதுங்கிக்கொள்ளலாம். கட்டணம் நாடுகளுக்குள் பேசி முடிந்துவிட்டது. அகதியிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

டப்ளின் விதியில் வயது வந்த அகதிக்குப் பொதுவாகக் கணவன், மனைவி, சிறு பிள்ளைகள்தான் குடும்பம். வளர்ந்த அண்ணன் அதில் சேரமாட்டான். உக்ரைன் பெண் பெர்லினில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ரயிலேறிப் போனாள். கிரீஸின் லெஸ்வோஸ் தீவில் இறங்கும் சிரியப் பெண்ணுக்கும் பெர்லினில் ஒரு அண்ணன் இருக்கலாம். அவளிடமும் கைரேகை எடுக்கும் முன் அதைக் கேளுங்கள்.