பழைய புல் நறுக்கும் இயந்திரம் வாங்கப் போகிறீர்களா?



நான்கு பால் மாடு வளர்க்கும் குடும்பத்தில் பொழுது விடிவதும் புல்லோடுதான், பொழுது சாய்வதும் புல்லோடுதான். காலையில் பிரட்டு, பிறகு வேலைக்காடு, மாலையில் புல்லுக்கட்டு. இரவு எட்டு மணிக்குக்கூடக் கொட்டகையில் கத்தியால் புல் நறுக்கும் சத்தம் கேட்கும். இந்தப் பாட்டைக் குறைக்க ஓர் இயந்திரம் வாங்கினால் என்ன என்று பல பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள். புதியது வாங்கக் கையில் பணம் போதாது. ஆகவே பழையது தேடுகிறார்கள். கைத்தொலைபேசியைத் திறந்தால் 'நல்ல நிலையில் உள்ளது, விலை குறைவு' என்று தினமும் ஒரு படம் வந்துவிடுகிறது. காசைக் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? இந்த இதழில் அதைப் பேசுவோம்.

அதற்கு முன் ஒரு கேள்வியைத் தீர்த்துவிடுவோம். வெளிநாட்டுப் படங்களில் காய்ந்த புல்லைப் பெட்டி பெட்டியாகக் கட்டிப் போடும் பெரிய இயந்திரத்தைப் பார்த்த இளைஞர்கள், "அதையே பழையதாக வாங்கினால் என்ன, சார்?" என்கிறார்கள். பெரிய சதுரக் கட்டு கட்டும் அந்த வகை இயந்திரத்தை அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹெஸ்டன் என்ற நிறுவனம் 1978இல் கொண்டு வந்தது. ஒரு கட்டு நான்கடி அகலம், நான்கடி உயரம், எட்டடி வரை நீளம். எடை ஏறக்குறைய ஒரு டன். அதை இழுக்க 100 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர் வேண்டும். கட்டைத் தூக்கி வைக்க இன்னோர் இயந்திரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வெயில் வேண்டும். பச்சைப் புல்லில் 80 சதவீதம் தண்ணீர். அது ஏறக்குறைய 15 சதவீதத்துக்குக் காய்ந்த பிறகே அப்படி இறுக்கிக் கட்டலாம். ஈரத்தோடு கட்டினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், சூடேறும். சில சமயம் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். மத்தியானம் இடி, சாயங்காலம் மழை என்றிருக்கும் நம் ஊரில் புல்லை வயலில் போட்டு மூன்று நான்கு நாள் காய வைப்பது யாரால் ஆகும்? நமக்கு ஏற்றது, பச்சையாக அறுத்து அன்றன்றைக்கே நறுக்கிப் போடுவதுதான்.

இனி நம் கணக்குக்கு வருவோம். ஒரு மாடு தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பச்சைப் புல் தின்னும் என்பது பொதுக் கணக்கு. 350 கிலோ மாட்டுக்கு 35 கிலோ. நான்கு மாட்டுக்கு 140 கிலோ. மணிக்கு 300 கிலோ நறுக்கும் சிறிய இயந்திரம் இந்த வேலையை அரை மணி நேரத்தில் முடித்துவிடும். ஆகவே 'மணிக்கு ஒரு டன்' என்று பெருமை பேசும் பெரிய இயந்திரம் நமக்கு எதற்கு? ஒன்றிரண்டு மாடு மட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கையால் சுற்றும் சக்கரக் கத்தியே போதும். இரண்டு குதிரைத்திறன் மோட்டாரை நாளுக்கு அரை மணி ஓட்டினால், மாதம் 30 யூனிட்டுக்குள் மின்சாரச் செலவு அடங்கும். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கணக்குப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

விற்பவர் வீட்டுக்குப் போனதும் முதலில் இயந்திரத்தின் வாயைப் பாருங்கள். புல் உள்ளே போகும் தொட்டி நீளமாக இருக்க வேண்டும். கையை முழுதாக நீட்டினாலும் உருளையைத் தொட முடியாத நீளம் வேண்டும். புல் சிக்கினால் உருளையைப் பின்னோக்கிச் சுற்ற ஒரு பிடி இருக்கிறதா, பட்டைக்கும் சக்கரத்துக்கும் மூடி இருக்கிறதா என்று பாருங்கள். "மூடி எங்கேயோ கிடக்கிறது, பிறகு தருகிறேன்" என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பால்மரம் வெட்டுகிற கை அது. செம்பனைக் குலை இறக்குகிற கை அது. நாலு விரல் போனபின் விலை குறைவாக வாங்கியதை நினைத்து என்ன பயன்?

அடுத்து, மின்சாரத்தை நிறுத்தி, இணைப்பையும் கழற்றிய பிறகு சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வழவழவென்று சுற்ற வேண்டும். கரகரவென்று அரைத்தாலோ, அச்சைப் பிடித்து ஆட்டும்போது தளர்வாக ஆடினாலோ பேரிங் தேய்ந்துவிட்டது. அதை மாற்றலாம், பெரிய செலவில்லை. ஆனால் சக்கரத்தில் வெடிப்போ, வெடிப்பின்மேல் பற்றவைத்த தழும்போ இருந்தால் வாங்கவே கூடாது. வேகமாகச் சுற்றும் இரும்பு உடைந்து பறந்தால் கொட்டகைத் தகரம்கூடத் தாங்காது.

கத்திகளைப் பாருங்கள். எல்லாக் கத்தியும் ஒரே அளவில், ஒரே எடையில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் இயந்திரம் உதறும். உதறினால் திருகுகள் தளரும். சுற்றும் கத்திக்கும் நிலையான கத்திக்கும் நடுவே ஒரு கெட்டி அட்டை நுழையும் இடைவெளிதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் புல் வெட்டுப்படாமல் நார் நாராய்க் கிழியும்.

மோட்டாரில் ஒரு சிறு தகடு ஒட்டியிருக்கும். அதைப் படியுங்கள், படிக்கத் தெரியாவிட்டால் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையை அழைத்துப் போங்கள். வீடுகளுக்குப் பெரும்பாலும் வருவது 230 வோல்ட் சிங்கிள் பேஸ் மின்சாரம். தொழிற்சாலையிலிருந்து கழித்துப் போட்ட இயந்திரங்களில் பல, 400 வோல்ட் த்ரீ பேஸில் ஓடுபவை. அதை வாங்கி வந்தால் கொட்டகையில் அழகுக்குத்தான் வைக்கலாம். இன்னொன்று: மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். வீட்டிலிருந்து மெல்லிய வயரை நீட்டி மாட்டினால் வயரும் சூடாகும், மோட்டாரும் கருகும். தடித்த வயரும், மண்ணில் இறக்கும் எர்த் கம்பியும் கட்டாயம் வேண்டும். ஈரக் கொட்டகையில் வெறுங்காலோடு நிற்பவர்கள் நாம் என்பதை மறக்க வேண்டாம். லைசென்ஸ் உள்ள மின்பணியாளரைக் கொண்டே இந்த வேலையைச் செய்யுங்கள்.

பெட்ரோல் இயந்திரம் என்றால், நீங்கள் போய்ச் சேரும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கை வைத்துப் பாருங்கள். முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பழுதான எஞ்சினும் சூட்டில் ஒரே இழுப்பில் கிளம்பும். ஓடும்போது நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். எண்ணெய் பால் நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது.

கடைசிச் சோதனை முக்கியமானது. உங்கள் வீட்டு நேப்பியர் புல்லையே ஒரு கட்டு எடுத்துப் போங்கள். இளசும் வேண்டும், முற்றிய தண்டும் வேண்டும். விற்பவர் தரும் இளம் புல்லைத் தின்னாத இயந்திரமே கிடையாது. பத்து நிமிடம் விடாமல் ஓட்டச் சொல்லுங்கள். துண்டு இரண்டு மூன்று சென்டிமீட்டரில் சீராக விழுகிறதா? நிறுத்தி, இணைப்பைக் கழற்றி, சக்கரம் முழுதாக நின்றபின் பேரிங் கூட்டில் கை வைத்துப் பாருங்கள். உள்ளங்கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

பேரிங்கின் மேல் ஓர் எண் பொறித்திருக்கும். 6205 என்பது போன்ற எண் என்றால் அது உலகெங்கும் ஒரே அளவு. பட்டணத்து இரும்புக் கடையில் கிடைக்கும். பட்டையின் எண்ணையும், கத்தியின் நீளத்தையும் குறித்துக்கொண்டு போய்க் கடையில் விசாரித்த பிறகு முன்பணம் கொடுங்கள். உதிரி கிடைக்காத இயந்திரம் ஆறே மாதத்தில் பழைய இரும்பாகிவிடும்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதற்காக ஆலோங்கிடம் கை நீட்டாதீர்கள். பால் காசு வட்டிக்கே போய்விடும். பக்கத்து வீட்டார் இருவர் மூவர் சேர்ந்து வாங்கலாம். ஆனால் யார் எவ்வளவு போட்டார், கத்தி தீட்டுவது யார், பழுதானால் செலவு யாருடையது என்பதை முதல் நாளே தாளில் எழுதிக் கையொப்பமிடுங்கள். வாயளவில் பேசியது மழைக்காலம் வரைதான் நிற்கும்.

வாங்கி வந்தபின் வீட்டில் ஒரு சட்டம் வையுங்கள். தொங்கும் துண்டு, தளர்ந்த கைலி, அவிழ்ந்த கூந்தல், வளையல் இவற்றோடு யாரும் அருகே போகக் கூடாது. புல்லைக் கையால் தள்ளாமல் குச்சியால் தள்ள வேண்டும். விசையை நிறுத்திய பிறகும் சக்கரம் சற்று நேரம் சுற்றும். அது நிற்கும்வரை கை வைக்கக் கூடாது. பிள்ளைகளை இயந்திரத்தின் பக்கம் விடவே கூடாது. மிச்சமாகும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து பாடப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள்.

நேப்பியரை எத்தனை வாரத்தில் அறுத்தால் மாடு தண்டை ஒதுக்காமல் தின்னும் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.